சாம்பல் நிறக் கட்டங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே மெர்பேங்க்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆயா. வட ஆர்க்காட்டிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த சொல் அது. வேலூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்கும் அம்மாவைப் பெற்றவள் ஆயாதான் என்பதால், வந்த முதல் வாரத்திலேயே அந்த வீட்டு வராந்தா எனக்குப் பழகிப்போனது. சென்ற ஆண்டு ஒரு மாலையில், நான் செய்யும் ஆய்வு எதைப் பற்றியது என்று ஆயா கேட்டார். காற்றிலுள்ள மாசை அளந்த பழைய கணக்குகளைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறோம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடுபோட்ட நோட்டுப் புத்தகங்கள் 11 இருந்தன.

ஆயா தமிழ் பேசுவார். எழுதுவது மட்டும் ஆங்கில எழுத்தில். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம், பிறகு நான்கைந்து சொற்கள். “காலை 4.40. நெருப்புக்குச்சி வாசனை. பேரனுக்கு இருமல். ஜன்னல் மூடினேன்.” “இரவு 11. அழுகின முட்டை. அரை மணி நேரம்.” “காலை 5. தொண்டை எரிச்சல். துணி காயப்போடவில்லை.” இப்படியே பல ஆண்டுகள். யாரும் கேட்டு எழுதியதில்லை. யாரிடமும் காட்டியதும் இல்லை. பேரனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓர் இரவுக்குப் பிறகு, எப்போது நாற்றம் வருகிறது என்று தெரிந்தால் ஜன்னலையாவது முன்கூட்டியே மூடலாமே என்று தொடங்கியதாகச் சொன்னார்.

எங்கள் வேலையை முழுவதுமாக மாற்றியது அந்தப் பெட்டிதான். எப்படி மாற்றியது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென் டர்பன் ஒரு தொட்டியைப் போன்ற நிலப்பரப்பு. கடற்பக்கம் பிளஃப் என்ற நீண்ட மேடு, உட்பக்கம் பெரியா மேடு, நடுவில் தாழ்வான நிலம். குளிர்கால இரவுகளில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் படிந்துவிடும். புகைபோக்கிகளிலிருந்து வருவது மேலே கலைந்து போக வழியின்றி விடியும்வரை அந்தத் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். இந்தத் தொட்டிக்குள்தான் 1954இல் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1960களில் இன்னொன்றும் இயங்கத் தொடங்கின. பிறகு காகித ஆலையும் இரசாயனக் கிடங்குகளும் வந்தன. இதே நிலத்தில்தான் 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு மெர்பேங்க்கும், கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு வென்ட்வொர்த்தும் ஒதுக்கப்பட்டன. அலிப்பூர், இமாலயா என்று தெருக்களுக்கு இந்தியப் பெயர்களைச் சூட்டிவிட்டு, ஆலைகளுக்கு நடுவே மக்களைக் குடியமர்த்தினார்கள். 1995இல் ஆலை விரிவாக்க விழாவுக்கு வந்துகொண்டிருந்த அதிபர் மண்டேலா, வழியில் பதாகைகளோடு நின்ற மக்களைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசியதை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். இரண்டு ஆலைகளுக்கும் இடையே அமைந்திருக்கும் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, ஏறத்தாழப் பாதி மாணவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் ஆஸ்துமா இருப்பதைக் காட்டியது.

இன்று அந்த இரண்டு ஆலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பதில்லை. ஒன்றில் 2020 டிசம்பர் 4 அன்று பெரும் வெடிவிபத்து நிகழ்ந்தது. அதற்குப் பிறகு அது எரிபொருள் சேமிப்பு முனையமாக மாற்றப்பட்டது. மற்றொன்று 2022இன் தொடக்கத்தில் வேலையை நிறுத்தியது. அந்த ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பெருவெள்ளம் அதையும் மூழ்கடித்தது. ஆலைகளே நின்றுபோன பிறகு பழைய எண்களைத் தோண்டி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே மூச்சுவிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. நுரையீரல் நோயோடு மருத்துவரிடம் போகும் ஒருவர், தான் வளர்ந்த தெருவின் காற்றில் என்ன இருந்தது என்று கேட்டால், கொடுக்க ஒரு கணக்கு வேண்டும். நாளை அதே நிலத்தில் வேறொரு தொழிற்சாலைக்கு அனுமதி கேட்டு யாராவது வந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு வேண்டும்.

சட்டப்படி அந்தக் கணக்கு மக்களுடையது. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்காத சுற்றுச்சூழலை ஒவ்வொருவரின் உரிமையாக வைத்திருக்கிறது. 32ஆம் பிரிவு, அரசிடமுள்ள தகவலைப் பெறும் உரிமையைத் தருகிறது. அந்த 32ஆம் பிரிவை நடைமுறைப்படுத்த 2000ஆம் ஆண்டில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். 2004இல் காற்றுத் தரச் சட்டமும், 2009இல் தேசிய அளவிலான காற்றுத் தர வரம்புகளும் வந்தன. 2022 மார்ச்சில், உள்நாட்டு நிலக்கரிப் பகுதியான ஹைவெல்டில் நிலவும் மாசு 24ஆம் பிரிவை மீறுகிறது என்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே திரையைச் சுற்றி நின்று அதைப் படித்தோம்.

ஆனால் உரிமை இருப்பதும் கையில் எண் கிடைப்பதும் வேறு வேறு. முதுநிலைக்கு முந்தைய ஓராண்டுப் படிப்பில் இருந்த மூன்று மாணவர்கள் இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். முனைவர் பட்ட ஆய்வாளர் என்ற முறையில் அவர்களோடு உட்கார்வது என் வேலை. எங்களுக்குக் கிடைத்த கணக்குகள் பல கைகளிலிருந்து வந்தவை. எந்த அலுவலகம் எதைக் கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பெரும்பகுதி மாத அறிக்கைகள், பிடிஎஃப் வடிவில். சில, தாளில் அச்சிட்டு மறுபடியும் ஸ்கேன் செய்யப்பட்டவை. கணினிக்கு அவை வெறும் படங்கள். அதிலிருந்து ஓர் எண்ணைக் கூட்டவோ தேடவோ முடியாது. இணையத்தில் ஏதோ ஒரு மூலையில் அவை நெடுங்காலமாகக் கிடந்தன என்பதும் உண்மைதான். பூட்டிய அலமாரியைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொது என்று சொன்னதைப் போலத்தான் எனக்கு அது தோன்றியது.

மாணவர்கள் மூவரும் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் படிக்க, ஒருவர் அடிக்க, மூன்றாமவர் மறுநாள் சரிபார்க்க என்று முறை வைத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவது வழக்கம். பன்னிரண்டரையை 12,5 என்று எழுதுவார்கள். காற்புள்ளியால் நிரல்களை, அதாவது அட்டவணையின் செங்குத்துப் பத்திகளை, பிரிக்கும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பில் அதை அப்படியே போட்டால் 12 ஒரு நிரலுக்கும் 5 அடுத்த நிரலுக்கும் போய்விடும். சில கணினிகள் அதை 125 என்றே எடுத்துக்கொள்ளும். முதல் மாதத்தில் நாங்கள் கண்ட மிகப் பெரிய மாசு உயர்வு இப்படி ஒரு காற்புள்ளியால் வந்தது. எங்களுக்கு முன்பே வேறு யாரோ அந்தப் பிழையோடு வரைந்த வரைபடம் ஒன்று அறிக்கையிலேயே இருந்ததைப் பிறகு பார்த்தோம்.

அலகுகளும் இப்படித்தான். ஆலைப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவை ஓர் அறிக்கை கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும். இன்னொன்று பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று சொல்லும். 25 பாகை வெப்பநிலையில் 1 பிபிபி என்பது 2.6 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். தேசிய வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு 125 மைக்ரோகிராம், அதாவது 48 பிபிபி. அலகை எழுதாமல் 60 என்று மட்டும் போட்ட அட்டவணையைப் பார்த்தால், வரம்பில் பாதியா, வரம்பைத் தாண்டியதா என்று எப்படிச் சொல்வது?

வரம்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பத்து நிமிடச் சராசரிக்கானது: 500 மைக்ரோகிராம், அல்லது 191 பிபிபி. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த வாயு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும் என்பதால்தான் இவ்வளவு குறுகிய காலத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் 300 பிபிபி, மீதி ஐம்பது நிமிடம் 20 பிபிபி என்று வைத்துக்கொள்வோம். அந்த மணி நேரத்தின் சராசரி ஏறத்தாழ 67 பிபிபி. ஒரு மணி நேரத்துக்கான வரம்பு 134 என்பதால் அட்டவணையில் எல்லாம் நலம். நாள் சராசரியை மட்டும் வெளியிட்டால் அதற்குள் அந்தப் பத்து நிமிடம் தடயமே இல்லாமல் கரைந்துவிடும். ஆயாவின் பேரன் இருமியதோ அந்தப் பத்து நிமிடத்தில். எனவே எங்கே பத்து நிமிட அளவு கிடைக்கிறதோ அங்கே அதையே வெளியிடுவது, சராசரி வேண்டுமென்பவர் தாமே போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். கோப்பு பெரிதாகிறது என்ற குறை வந்தது. பெரிதாகட்டும் என்றேன்.

இனி, நேரத்தைப் பற்றி. எங்கள் முதல் தொகுப்பை இணையத்தில் ஏற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தபோதுதான் ஆயா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவரது அனுமதியோடு மாணவர்களில் ஒருவர் நோட்டுகளில் சிலவற்றைக் கணினியில் ஏற்றி எங்கள் எண்களோடு ஒப்பிட்டார். ஆயா நெருப்புக்குச்சி என்று எழுதியிருப்பது கந்தக டை ஆக்சைடின் வாசனை. அழுகின முட்டை என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, எங்களிடமிருந்த கருவிக் கணக்குகள் அதை அளப்பதே இல்லை. ஆகவே நெருப்புக்குச்சி வரிகளையும் தொண்டை எரிச்சல் வரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். பழைய ஆண்டுகளில் அவர் எழுதிய நேரங்களும் எங்கள் வரைபடத்தின் ஏற்றங்களும் ஓரளவு பொருந்தின. ஒரு குறிப்பிட்ட மாதத்துக்குப் பிறகு பொருந்தவில்லை. ஆயா காலை 5 என்று எழுதியிருந்தால் எங்கள் ஏற்றம் 3 மணிக்கு இருந்தது. அடுத்த வரியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே.

முதியவர்தானே, கடிகாரம் பார்ப்பதில் பிழை இருக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னார். நானும் உடனே மறுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் எழுந்து கோப்பைத் திறந்தேன். அந்தக் கணக்கு வந்த கண்காணிப்பு நிலையத்தில் வெயிலின் செறிவை அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. அந்த நிரலை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. டர்பனில் டிசம்பர் நடுவில் சூரியன் காலை ஏறத்தாழ 4.45க்கு உதிக்கும். எங்கள் கோப்பில் 3 மணிக்கு முன்பே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதத்திலிருந்து நாங்கள் எடுத்த கணக்கு கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது. தென்னாப்பிரிக்க நேரம் அதற்கு இரண்டு மணி முன்னே. கோப்பின் தலைப்பில் அதைக் குறிக்கவில்லை. நாங்களும் கேட்காமல் பழைய கணக்கோடு ஒட்டிவிட்டோம். ஆயாவின் சுவர்க்கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

மறுநாள் காலையில் மூன்று மாணவர்களிடமும் வெயில் நிரலைக் காட்டினேன். முதல் நாள் ஐயம் சொன்ன மாணவர், தானே ஆயாவிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினார். ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும் பாபா, இப்பச் சரி பண்ணிட்டீங்கல்ல?” என்று மட்டும் கேட்டாராம்.

சரி செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. தவறான முதல் தொகுப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுத் திருத்தியதை அதே பெயரில் வைக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் யாரோ அதை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பதிவிறக்க எண்ணிக்கை காட்டியது. நாங்கள் பயன்படுத்தும் ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியம், ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தால் நடத்தப்படுவது. அதில் ஏற்றும் ஒவ்வொரு தொகுப்புக்கும் மாறாத அடையாள எண் கிடைக்கும், புதிய பதிப்பை ஏற்றினாலும் பழையது அதன் எண்ணோடு அங்கேயே இருக்கும். இரண்டாம் பதிப்பின் முகப்பிலேயே, முதல் பதிப்பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நேரம் இரண்டு மணி பின்தங்கி இருக்கிறது, ஏன் அப்படி ஆனது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதினோம். அயலார் ஒருவரின் கைக்குறிப்பிலிருந்து தெரியவந்தது என்பதையும் எழுதினோம். தன் பெயர் வேண்டாம் என்று ஆயா சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் கண்காணிப்பு நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு நாள் அப்படிப்பட்ட ஒரு நிலையத்துக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியளவு அறை. கூரையில் காற்றை உறிஞ்சும் குழாய். உள்ளே அடுக்கில் கருவிகள். ஓயாமல் ஓடும் குளிர்சாதனம். கந்தக டை ஆக்சைடு கருவி, உறிஞ்சிய காற்றின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும்; அந்த வாயுவின் மூலக்கூறுகள் ஒளியை வாங்கிக்கொண்டு மங்கலாக ஒளிரும்; அந்த ஒளிர்வின் அளவுதான் நமக்கு எண்ணாக வருகிறது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, குறிப்பிட்ட இடைவெளியில் முதலில் தூய காற்றையும் பிறகு அளவு தெரிந்த வாயுவையும் அதற்குள் செலுத்துவார்கள். இந்தச் சோதனை கணக்கில் அடையாளமிடப்படாமல் போனால், இரவில் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், கத்தியால் வெட்டியதுபோல ஓர் ஏற்றம் தெரியும். ஆலையின் மேல் பழிபோடத் துடிக்கும் கண்ணுக்கு அது பெரிய சான்றாகத் தோன்றும். எங்களுக்கும் ஒரு வாரம் அப்படித்தான் தோன்றியது. இத்தகைய வரிகளை நாங்கள் நீக்கவில்லை. பக்கத்து நிரலில் சோதனை என்று குறித்திருக்கிறோம். அதேபோல் மாசு மிகக் குறைவான நேரங்களில் கருவி சில சமயம் -0.4 என்றும் காட்டும். பூச்சியத்தை ஒட்டிய அளவில் கருவிக்கு இயல்பாக உள்ள தள்ளாட்டம் அது. அதை அழித்தால் சராசரி கூடிவிடும் என்பதால் அதையும் அப்படியே விட்டோம்.

எல்லாவற்றிலும் கடினமானது வெற்றிடம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. வந்த பிறகும் கருவி சூடேறி நிலைக்குத் திரும்பும்வரை அது காட்டுவதை நம்ப முடியாது. அத்தகைய மணி நேரங்களைச் சில அறிக்கைகள் 999 என்று குறித்தன, சில -9999 என்று, சில வெறுங்கட்டமாக, சில 0 என்று. 999ஐ எண்ணாக எடுத்துக்கொண்டால், நாள் முழுவதும் 20 பிபிபி இருந்த இடத்தில் ஒரே ஒரு மணி நேரக் குறை நாள் சராசரியை 60க்கு மேல் தூக்கி, நடக்காத விதிமீறலை நடந்ததாகக் காட்டும். பூச்சியம் இதைவிடக் கொடியது. 16 மணி நேரம் 60 பிபிபி பதிவாகி, மின்சாரம் இல்லாத 8 மணி நேரத்துக்குப் பூச்சியம் போட்டால், சராசரி 40 ஆகி வரம்புக்குள் அடங்கிவிடும். அந்த 8 மணி நேரமும் மக்கள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து இடைவெளியை நிரப்பலாமே, கோடு அறுபடாமல் படம் அழகாக இருக்குமே என்று நாங்கள் மதிக்கும் ஒருவர் யோசனை சொன்னார். சில ஆய்வுகளுக்கு அது தேவைப்படும், அதற்கென்று முறைகளும் உண்டு. ஆனால் பொதுமக்கள் பார்க்கும் மூலக் கணக்கில் அதைச் செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். அளக்காத மணி நேரத்துக்கு அளந்தது போன்ற ஓர் எண்ணை எழுதினால், பிறகு வருபவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. எங்கள் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை, ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சிறு கட்டம். வரம்புக்குள் இருந்தால் நீலம், தாண்டினால் அடர்சிவப்பு, அளவு இல்லையென்றால் சாம்பல். முதலில் ஒரு மாணவர் வெற்றுக் கட்டங்களுக்கு வெள்ளை நிறம் கொடுத்திருந்தார். வெள்ளை சுத்தத்தின் நிறமாகத் தெரிகிறது என்று மற்றவர் சொல்லவே சாம்பலாக்கினோம். சில மாதங்களில் பாதிக்கு மேல் சாம்பலாகவே இருக்கிறது. பார்க்க வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி நம்மிடம் உள்ள உண்மை அவ்வளவுதான்.

பக்கத்தின் எடையைப் பற்றியும் சண்டை போட்டோம். இங்கே செல்பேசி இணையம் விலை கூடியது. பலர் அன்றன்றைக்குச் சிறு தொகைக்கு டேட்டா வாங்குகிறார்கள். முழுக் கோப்பை இறக்கினால் அன்றைய டேட்டா தீர்ந்துபோகும். ஆகவே ஒரு மாதத்தின் கட்டங்களை மட்டும் காட்டும் மிகச் சிறிய பக்கம் ஒன்றைத் தனியாகச் செய்தோம். விளக்கங்களை ஆங்கிலத்திலும், ஸூலு மக்களின் மொழியான இசிஸூலுவிலும் எழுதினோம். இசிஸூலுவில் எழுதிய மாணவி, காற்றுக்கு உமோயா என்ற சொல்லை இட்டார். அவர்கள் மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் அந்த ஒரே சொல் என்று விளக்கினார். தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து எழுதினேன். படிப்பவர் சிலர்தான் என்று தெரியும். ஆயாவுக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன்.

மலிவு விலைக் கருவிகளை வீடுகளில் பொருத்தும் முயற்சியும் எங்களிடம் உண்டு. லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதை வைத்து நுண்துகளை எண்ணும் இவை, டர்பனைப் போன்ற ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊரில் நீர்த்திவலையையும் துகளாக எண்ணிக் கூடுதலாகக் காட்டும். தரமான கருவியின் அருகில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. தனியாரின் வீட்டிருப்பிடம் தெரிந்துவிடாதபடி வரைபடத்தில் புள்ளியைச் சற்று நகர்த்தியும் வைக்கிறோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2021 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

போன வாரம் ஆயா வீட்டில் என் மடிக்கணினியில் அந்தக் கட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஜூன் மாதத்தில் விரலை வைத்து, “இந்தச் சாம்பல்ல என்ன இருந்துச்சு கண்ணு?” என்று கேட்டார். கரண்ட் இல்லை ஆயா, கருவி ஓடவில்லை என்றேன். அவர் பெட்டியை இழுத்து, ஏழாவது நோட்டை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். அந்தத் தேதி இருந்தது. “காலை 4.15. கரண்ட் இல்லை. நெருப்புக்குச்சி. ரொம்ப அதிகம். மெழுகுவத்தி வெச்சு எழுதறேன்.”

அந்த வரியை எண்ணாக மாற்ற எந்த முறையும் இல்லை, மாற்றவும் மாட்டோம். கட்டம் சாம்பலாகவே இருக்கும். ஆனால் மூன்றாம் பதிப்பில் மனிதர் குறிப்பு என்று ஒரு நிரலைப் புதிதாகச் சேர்க்கிறோம். அதில் முதலில் ஏறப்போகும் வரி இது. இன்னும் நான்கு நோட்டுகள் கணினியில் ஏற்ற மீதி இருக்கின்றன. மாணவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள்.